சலவை இயந்திரத்துக்குள் வளரும் சுண்ணாம்புக்கல்

க.பொ.த. உயர்தரம், விஞ்ஞானப் பிரிவு

ஆய்வுகூடத்தில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தினால் அது பால்போலக் கலங்கும். காபனீரொட்சைட்டை இனங்காணும் சோதனை என்று அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். ஆனால் வாயுவை நிறுத்தாமல் செலுத்திக்கொண்டே இருந்தால் கலங்கிய நீர் மறுபடி தெளியும். தெளிந்த அந்த நீரைச் சூடாக்கினால் மீண்டும் கலங்கும். நம் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையும், சலவை இயந்திரத்தின் வெப்பமாக்கியைச் சுற்றி வளரும் கல்லும், துவைத்து முடித்த கறுப்பு அபாயாவில் தெரியும் வெள்ளைக் கோடுகளும் இந்தப் பரிசோதனைக் குழாயோடு தொடர்புடையவை.

இந்தக் கல் எப்படி உண்டாகிறது, அதை எப்படித் தடுப்பது, வந்துவிட்டால் எப்படிக் கரைப்பது என்பவற்றை நாம் படிக்கும் இரசாயனவியலைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல் எங்கிருந்து வருகிறது?

மழைநீர் மிகவும் மென்மையான நீர். அதில் கல்சியம் அனேகமாக இல்லை. எனினும் விழும் வழியில் வளியிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிதளவு கரைத்துக்கொள்வதால் அது மெல்லிய அமிலமாகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணங்கிகளும் சுவாசித்து வெளியிட்ட காபனீரொட்சைட்டும் அதனுடன் சேர்கிறது. இந்த அமில நீர் சுண்ணாம்புக்கல்லைச் சந்தித்தால் பின்வரும் தாக்கம் நிகழும்:

கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு ⇌ கல்சியம் ஐதரசன் காபனேற்று

இடப்பக்கத்திலுள்ள கல்சியம் காபனேற்று நீரில் அரிதாகவே கரையும். தூய நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 14 மில்லிகிராம் மாத்திரமே கரையும். வலப்பக்கத்திலுள்ள ஐதரசன் காபனேற்றோ நன்றாகக் கரையும். எனவே பாறை சிறிது சிறிதாகக் கரைந்து கிணற்று நீரோடு கலக்கிறது. இவ்வாறு கல்சியம், மக்னீசியம் அயன்களைக் கூடுதலாகக் கொண்ட நீரையே வன்னீர் என்கிறோம்.

இலங்கையின் பெரும்பகுதி பழைமையான உருமாறிய பாறைகளின் மீது அமைந்துள்ளது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மன்னார் வழியாகப் புத்தளம் வரையிலான வடமேற்குக் கரையோரத்தின் அடியில் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் படிந்திருக்கிறது. புத்தளத்துக்கு வடக்கே அறுவக்காட்டில் அகழ்ந்தெடுக்கும் சுண்ணாம்புக்கல்தான் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை அமைக்கப்பட்டதற்கும் அவ்விடத்துச் சுண்ணாம்புக்கல்லே காரணம். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு, நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த பள்ளத்துக்கு நல்ல உதாரணம். ஒரு பிரதேசத்தில் சீமெந்துக்கு வேண்டிய கல் கிடைக்கிறது என்றால் அங்குள்ள கிணற்று நீர் வன்னீராக இருப்பதில் வியப்பில்லை. மலைநாட்டிலும் மாத்தளை, திகன போன்ற இடங்களில் பளிங்குருவான சுண்ணாம்புக்கல் உண்டு. ஆகவே மலைநாட்டு நீர் எல்லாம் மென்னீர் என்று சொல்லிவிடவும் முடியாது.

வன்மையை ஒரு லீற்றர் நீரில் எத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான அயன்கள் உள்ளன என்ற கணக்கில் அளப்பர். 60 இற்குக் குறைந்தால் மென்னீர். 120 ஐத் தாண்டினால் வன்னீர். 180 இற்கு மேல் மிகவும் வன்மையான நீர்.

இயந்திரத்துக்குள் நடப்பது என்ன?

மேலே எழுதிய தாக்கத்தில் இருபக்க அம்புக்குறி இருப்பதைக் கவனியுங்கள். அது ஒரு சமநிலை. நீரைச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டின் கரைதிறன் குறைந்து அது வாயுவாக வெளியேறுகிறது. இலீ சற்றலியரின் தத்துவப்படி, வெளியேறிய காபனீரொட்சைட்டை ஈடுசெய்யச் சமநிலை இடப்பக்கம் நகர்கிறது. கரைந்திருந்த கல் மீண்டும் கல்லாகிறது. இவ்வாறு சூடாக்கலால் நீங்கும் வன்மையைத் தற்காலிக வன்மை என்போம். கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் சல்பேற்றுகளாலும் குளோரைட்டுகளாலும் உண்டாகும் வன்மை இவ்வாறு நீங்காது. அது நிரந்தர வன்மை.

இன்னொரு விசித்திரமும் இங்கே உண்டு. சீனியும் பெரும்பாலான உப்புக்களும் சூடான நீரில் கூடுதலாகக் கரையும். கல்சியம் காபனேற்றோ சூட்டில் குறைவாகக் கரையும். ஆகவே நீரின் எந்த இடம் மிகவும் சூடாக இருக்கிறதோ அந்த இடத்திலேயே அது படிகிறது. சலவை இயந்திரத்தில் அந்த இடம் வெப்பமாக்கியின் மேற்பரப்பு.

இந்தப் படை உருக்கை விடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். "கல் படிந்தால் வெப்பமெல்லாம் வீணாகி மின்கட்டணம் பன்மடங்காகும்" என்று சொல்லப்படுவதுண்டு. இதைச் சற்று யோசிக்க வேண்டும். நீரில் மூழ்கியிருக்கும் மின்வெப்பமாக்கியின் வெப்பம் கடைசியில் நீருக்குத்தான் செல்ல வேண்டும். அது போக வேறு வழி இல்லை. ஆகவே மின் விரயத்தை விடப் பெரிய பாதிப்பு வேறு. அதே அளவு வெப்பத்தைத் தடித்த படையினூடாகத் தள்ளுவதற்கு உள்ளேயிருக்கும் கம்பி முன்னரைவிட மிகவும் கூடிய வெப்பநிலைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. நாளடைவில் கம்பி எரிந்துபோகிறது. நாம் இழப்பது ஒரு வெப்பமாக்கியையும் திருத்துநரின் கூலியையும்.

எவ்வளவு கல் உண்டாகலாம்? கணக்கிட்டுப் பார்ப்போம். நீரின் வன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்றும், அது முழுவதும் தற்காலிக வன்மை என்றும் கொள்வோம். ஒரு தடவை துவைக்க 20 லீற்றர் நீர் சூடாக்கப்பட்டால் அதிலுள்ளது 6 கிராம். வாரம் 3 தடவை என்றால் வருடத்துக்கு 156 தடவை. மொத்தம் 936 கிராம். ஏறக்குறைய ஒரு கிலோ! ஆனால் இது உச்ச எல்லை மாத்திரமே. பெரும்பகுதி கழிவு நீரோடு வெளியேறிவிடும். இருபதில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டாலும் 47 கிராம் கல் வெப்பமாக்கியைச் சுற்றி இருக்கும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

உங்கள் இயந்திரத்தில் வெப்பமாக்கி இருக்கிறதா?

எதையும் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான். நம் நாட்டு வீடுகளில் பாவிக்கப்படும், மேலே திறந்து உடுப்புப் போடும் இயந்திரங்கள் பல குளிர்ந்த நீரிலேயே துவைப்பவை. அவற்றில் வெப்பமாக்கி இல்லாவிட்டால் எரிந்துபோக ஒன்றுமில்லை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு கொண்டவற்றில் பொதுவாக வெப்பமாக்கி இருக்கும்.

அப்படியானால் குளிர்ந்த நீரில் துவைப்போருக்கு வன்னீரால் பாதிப்பே இல்லையா? உண்டு. அது வேறு வடிவில் வருகிறது. சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. வன்னீரிலுள்ள கல்சியம் அயன் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, நீரில் கரையாத கல்சியம் ஸ்டியரேற்று வீழ்படிவாகிறது. வாளியின் விளிம்பில் ஒட்டும் சாம்பல் நிற அழுக்கு இதுவே. இதே அழுக்கு துணியின் நூல்களுக்கிடையிலும் தங்குகிறது. வெள்ளைச் சீருடை மங்குகிறது, துவாய் சொரசொரப்பாகிறது, கறுப்பு அபாயா நரைத்ததுபோல் தெரிகிறது. "பிள்ளை உடுப்பைக் கவனிப்பதில்லை", "உம்மா ஒழுங்காகத் துவைப்பதில்லை" என்று பழி வீட்டுப் பெண்கள் மீது விழுகிறது. உண்மையில் குற்றவாளி கிணற்றுக்கு அடியிலிருக்கும் பாறை. கையால் எவ்வளவு கசக்கினாலும் இந்த இரசாயனத் தாக்கத்தை நிறுத்த முடியாது.

தடுக்கும் வழிகள்

வன்மையைச் சமாளிக்கும் முறைகள் பல. அடிப்படையில் அவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, கல்சியத்தை முன்கூட்டியே வீழ்படிவாக்குதல். சலவைச் சோடா எனப்படும் சோடியம் காபனேற்று இதைச் செய்கிறது. அது தரும் காபனேற்று அயன் கல்சியத்துடன் சேர்ந்து வீழ்படிவாகும். தற்காலிக வன்மை, நிரந்தர வன்மை இரண்டையும் இது நீக்கும். மலிவானது. ஆனால் உண்டாகும் வெண்துகள் துணியிலேயே தங்கிவிடலாம் என்பது இதன் குறை. வாளியில் நீரைப் பிடித்து, சோடாவைக் கலக்கி, அடைய விட்டு, மேல் நீரை மாத்திரம் எடுப்பவர்களுக்கு இது ஏற்றது.

இதனோடு தொடர்புடைய ஒரு வேடிக்கையான முறையும் உண்டு. 1841 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகர இரசாயனப் பேராசிரியர் தோமஸ் கிளார்க், வன்னீருக்குள் சுண்ணாம்பையே இட்டுச் சுண்ணாம்பை நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இட்ட சுண்ணாம்பு நீரிலுள்ள ஐதரசன் காபனேற்றைக் காபனேற்றாக மாற்றிவிட, இரண்டு கல்சியமும் சேர்ந்து வீழ்படிவாகும். அளவு சிறிது கூடினாலும் வன்மை அதிகரித்துவிடும் என்பதால் இது நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கே உரியது.

இரண்டாவது, கல்சியத்தைக் கரைசலிலேயே கட்டிப்போடுதல். சில அனயன்கள் கல்சியத்தைப் பல பக்கங்களிலிருந்து பிடித்துக்கொள்ளும். நண்டு தன் கொடுக்குகளால் பிடிப்பதுபோல என்று சொல்லலாம். அவ்வாறு பிடிபட்ட கல்சியம் நீரில் இருந்தும் இல்லாததற்குச் சமம். 1946 இல் அமெரிக்காவில் வெளிவந்த டைட் சலவைத்தூளின் வெற்றிக்குச் சோடியம் முப்பொலிபொசுபேற்று முக்கிய காரணமாகும். ஆனால் வீடுகளிலிருந்து வெளியேறிய பொசுபேற்று ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் சென்று அல்காக்களுக்குப் பசளையாகியது. அல்கா பெருகி, மடிந்து அழுகும்போது நீரிலிருந்த ஒட்சிசன் குறைந்தது. மீன்கள் இறந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் வீட்டுச் சலவைத்தூள்களில் பொசுபரசின் அளவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நம் உடுப்பின் வெண்மைக்கும் ஏரி மீனின் மூச்சுக்கும் இடையில் இப்படியொரு தொடர்பு இருக்கிறது.

மூன்றாவது, அயன் மாற்றம். பொசுபேற்றின் இடத்துக்கு வந்தவற்றுள் சியோலைற்று முக்கியமானது. அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன் ஆகியவற்றாலான அதன் கூட்டினுள் நுண்ணிய துவாரங்கள் உண்டு. அவற்றில் சோடியம் அயன்கள் இருக்கும. வன்னீரைச் சந்தித்ததும் கல்சியம் உள்ளே போக, சோடியம் வெளியே வரும். வீட்டு நீர்க்குழாயில் பொருத்தும் மென்னீராக்கிகளும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. அங்கே பிசின் மணிகள் சியோலைற்றின் வேலையைச் செய்கின்றன. மணிகள் கல்சியத்தால் நிறைந்ததும் செறிந்த உப்பு நீரால் கழுவிப் புதுப்பிக்கலாம்.

இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டுத் துவைக்கும்போது கறியுப்பை இயந்திரத்தில் போடுவோர் உண்டு. பிசின் இல்லாத இடத்தில் உப்பு வன்மையை நீக்காது. சோடியம் குளோரைட்டுக்குக் கல்சியத்தை வீழ்த்தவும் தெரியாது, கட்டவும் தெரியாது. மாறாகக் குளோரைட்டு அயன் உலோகம் அரிப்படைவதற்கே உதவும்.

நான்காவது முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கல்சியத்தை நீக்காமல், பளிங்கு வளர்வதை மாத்திரம் தடுப்பது. ஒரு பளிங்கு எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள சில படிகளிலும் மூலைகளிலுமே புதிய அயன்கள் வந்து சேரும். பொலிகாபொட்சிலேற்று, பொசுபனேற்று ஆகிய சேர்வைகள் சரியாக அந்த இடங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த அயனுக்கு இடமில்லை. பளிங்கு சிறிதாகவும் உருக்குலைந்தும் நின்றுவிடுவதால் அது இறுகிய படையாகாமல் நீரோடு வெளியேறுகிறது. எல்லாக் கல்சியத்தையும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் லீற்றருக்குச் சில மில்லிகிராம் போதும். தரமான சலவைத்தூள்களில் இவை ஏற்கனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வன்னீர்ப் பகுதியில் வாழ்வோர் தூளின் அளவைப் பைக்கற்றில் குறிப்பிட்டபடி கூட்டுவது வீண்செலவன்று. அளவைக் குறைத்துவிட்டுத் தனியாக வேறொரு தூளை வாங்குவதிலும் இலாபம் இல்லை.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. 60 பாகையில் துவைப்பதை விட்டு 30 அல்லது 40 பாகையில் துவைத்தால் சமநிலை அவ்வளவு தூரம் இடப்பக்கம் நகராது. கல் படிவது வெகுவாகக் குறையும். மின்சாரமும் மீதமாகும்.

படிந்த கல்லைக் கரைத்தல்

தடுத்தும் படிந்துவிட்டால் அமிலமே மருந்து. காபனேற்று அமிலத்துடன் தாக்கமுற்று, கரையும் உப்பையும் நீரையும் காபனீரொட்சைட்டையும் தரும். செம்பையும் பித்தளையையும் தேசிக்காயாலும் புளியாலும் துலக்கிய நம் மூத்தம்மாமார் பாவித்ததும் அமிலங்களின் இதே குணத்தைத்தான்.

கடைகளில் பளிங்காக விற்கப்படும் சித்திரிக் அமிலம் இதற்கு ஏற்றது. அதன் 2 மூல் கல்சியம் காபனேற்றின் 3 மூலுடன் தாக்கமுறும். அதாவது 384 கிராம் அமிலம் 300 கிராம் கல்லைக் கரைக்கும். முன்பு கணக்கிட்ட 47 கிராம் கல்லுக்கு ஏறத்தாழ 60 கிராம் போதும். இதையே தேசிக்காய்ச் சாற்றால் செய்ய நினைத்தால், சாற்றில் சித்திரிக் அமிலம் நூற்றுக்கு 5, 6 பங்கே இருப்பதால் ஒரு லீற்றருக்கு மேல் சாறு வேண்டும். முப்பது நாற்பது தேசிக்காய்! அவற்றை ஊறுகாய் போடுவது மேல்.

ஒரு கவனம். இதன்போது உண்டாகும் கல்சியம் சித்திரேற்றும் கொதிநீரில் குறைவாகவே கரையும். ஆகவே மிகக் கூடிய வெப்பநிலையைத் தெரிவுசெய்தால் ஒரு கல்லைக் கரைத்து இன்னொரு படையை உண்டாக்கியவர்களாவோம். 40 பாகை அளவில் உடுப்பு எதுவுமின்றி இயந்திரத்தை ஓடவிட்டு, பின்னர் வெறும் நீரால் ஒருமுறை அலசினால் போதுமானது. இயந்திரத்தோடு வந்த கைந்நூலில் அமிலம் பற்றி ஏதும் சொல்லியிருந்தால் அதற்கே முதலிடம்.

வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்த்துப் போட்டால் நுரைத்துச் சுத்தமாகும் என்பது பரவலான ஒரு யோசனை. நுரை வருவது உண்மை. ஆனால் அது அமிலமும் மூலமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும் நுரை. எஞ்சுவது சோடியம் அசற்றேற்றுக் கரைசல் மாத்திரமே. கல்லைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாவிலேயே செலவாகிவிடுகிறது.

மலசலகூடம் கழுவும் ஐதரோக்குளோரிக் அமிலத்தை இயந்திரத்துக்குள் ஊற்றவே கூடாது. கல்லோடு சேர்த்துக் கறையில் உருக்கையும் அது அரிக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. எந்த அமிலத்தையும், வினாகிரி, தேசிக்காய்ச் சாறு உட்பட, வெண்மையாக்கும் குளோரீன் திரவத்துடன் கலக்கக் கூடாது. அத்திரவத்திலுள்ள சோடியம் ஐப்போகுளோரைற்று அமிலத்தைச் சந்தித்தால் குளோரீன் வாயு வெளியேறும். முதலாம் உலகப் போரில் 1915 ஆம் ஆண்டு ஈப்பர் போர்க்களத்தில் ஆயுதமாகப் பாவிக்கப்பட்ட வாயு இதுவே. கதவு சாத்திய சிறிய குளியலறையில் சுத்தம் செய்யும் ஒரு தாய்க்கு, சிறிதளவும் நுரையீரலைப் புண்ணாக்கப் போதும். இரண்டையும் ஒரே நாளில் பாவிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. இந்தப் பந்தியை மாத்திரமாவது வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

உங்கள் வீட்டு நீர் எப்படிப்பட்டது என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரே அளவான மூன்று தெளிந்த போத்தல்களை எடுங்கள். ஒன்றில் மழைநீர், ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் கொதிக்கவைத்து ஆறவிட்டு வடித்த கிணற்று நீர் என்று சம அளவில் நிரப்புங்கள். மூன்றிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலை இட்டு ஒரே அளவு நேரம் குலுக்குங்கள். சலவைத்தூள் இதற்கு உதவாது. சவர்க்காரமே வேண்டும்.

மழைநீர் பொங்கி நுரைக்கும். கிணற்று நீர் நுரைக்காமல் கலங்கினால் அது வன்னீர். கொதித்த நீர் கிணற்று நீரைவிட நன்றாக நுரைத்தால் தற்காலிக வன்மை கூடுதல்; வெப்பமாக்கியில் கல் படியும் ஆபத்தும் கூடுதல். கொதித்த பின்னும் நுரை வராவிட்டால் நிரந்தர வன்மையே மேலோங்கியிருக்கிறது. அவ்வாறான வீட்டில் வெப்பமாக்கியைப் பற்றிய கவலை சற்றுக் குறைவு. உடுப்பு மங்குவதுதான் பிரதான பிரச்சினை.

இந்தச் சோதனையில் மழைநீர் வெல்வதைக் கண்டபின், கூரையிலிருந்து வழிந்தோடும் நீரை வீணாக்க மனம் வராது. ஒரு பீப்பாய் மழைநீர் இருந்தால் வெள்ளைச் சீருடையின் கடைசி அலசலையாவது அதில் செய்யலாம். பாறையைத் தொடும் முன்னரே நாம் அந்த நீரைப் பிடித்துக்கொண்டால், பிறகு அதிலிருந்து பாறையைப் பிரித்தெடுக்கும் வேலையே இல்லை.